நாலாம் அத்தியாயத்தின் உரிமையாளர்

"இதுக்குப் பேரு திருட்டுங்க, மேடம். ஜெராக்ஸ்னு செல்லப்பேர் வெச்சுக் கூப்பிட்டா ஆச்சா?"

முனைவர் மதியழகன் நூலக மேசையைத் தட்டினார். தருமபுரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் புள்ளியியல் துறைத் தலைவர். 'புள்ளியியல் பெருங்கடல்' என்ற நூலை எழுதியவர். அதன் பின்னட்டையில் கன்னத்தில் விரல் வைத்துக்கொண்டு உலகத்துக்காகக் கவலைப்படுகிறாரே, அவரேதான்.

நூலகர் சுமலதாவின் உள்ளங்கை மேசையிலிருந்த நீலக் கோப்பின் மேல் அழுந்தியது. உள்ளே பெருங்கடலின் நாலாம் அத்தியாயம். இருபத்திரண்டு பக்கம், ஜெராக்ஸ்.

தேர்வுக்கு வேண்டிய பாடங்களை நகலெடுத்துத் தனி அலமாரியில் வைத்து, ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று கொடுப்பது சுமலதா கொண்டுவந்த ஏற்பாடு. திங்கட்கிழமை புள்ளியியல் தேர்வு. இன்றைக்கு வெள்ளி. இந்த மனிதர் முதல்வர் அறைக்குப் போய் இதே குரலில் இரண்டு வரி பேசினால் போதும், அலமாரியே காலி. எழுபது பிள்ளைகள் திருதிருவென்று விழித்துக்கொண்டு தேர்வு எழுதுவார்கள்.

"சார், பாடம் நடத்தறதுக்காக நகல் எடுத்துக்கலாம்னு பதிப்புரிமைச் சட்டத்துலயே இருக்குதுங்க. நாங்க எடுத்தது ஒரே ஒரு அத்தியாயம். யாருக்கும் விக்கறதும் இல்லீங்க."

"சட்டத்தை எனக்குச் சொல்றீங்களா? பதிப்புரிமையப் பத்தி மூணு கருத்தரங்குல பேசுனவன் நான்."

"ஞாபகம் இருக்குதுங்க சார். கடைசிக் கருத்தரங்குல வெளிநாட்டுப் புத்தகம் ஒண்ணுல நாப்பது பக்கம் ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் குடுத்தீங்க. என்னோடது இன்னும் பத்திரமா இருக்குது."

"அது ஆராய்ச்சி," என்றார் மதியழகன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "சரி, லைப்ரரியில என் புத்தகம் எத்தனை காப்பி இருக்குது?"

"அஞ்சுங்க."

"அதை எடுத்துப் படிக்கறதுக்கு என்ன?"

"அஞ்சும் வாங்குனப்ப இருந்த மாதிரியே இருக்குதுங்க சார். பசங்க தொடவே பயப்படறாங்க."

மதியழகன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "பயம் இல்லீங்க மேடம். மரியாதை."

அட்டெண்டர் மாதப்பன் அவசர வேலை இருப்பவர்போல அடுக்குகளுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் அங்கிருந்து இருமல் சத்தம் கேட்டது.

"ஆனா இந்த ஜெராக்ஸ மட்டும் விட மாட்டேங்கறாங்க. நீங்களே பாருங்க சார்." சுமலதா பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கோப்பை எடுத்துப் போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடும் நோட்டு அது.

மதியழகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். விரலை நாக்கில் தொட்டு மூன்றாவது பக்கம். காரிமங்கலத்துப் பெண்கள், வத்தல்மலைப் பையன்கள், வரலாற்றுத் துறையிலிருந்து வழிதவறி வந்த ஒருத்தன்கூட.

"ஒரே மாசத்துல இருநூத்திப் பதினாலு தடவையா?"

"ஆமாங்க சார்."

"நம்ம ஜெயபால் சாரோட இயற்பியல் பாடம் எத்தனை போயிருக்குது?"

"பதினொண்ணுங்க."

"பதினொண்ணு," என்றார் மதியழகன், பால்கோவாவை வாயில் போட்டுக் கரையவிடுகிறவர்போல. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேடம், அறிவைப் பூட்டி வெக்கக் கூடாதுங்க. நான் எப்பவும் சொல்றதுதான்."

"சரிங்க சார்."

"என் பொண்ணு கனிமொழி போன வருஷம் இதே பேப்பர்ல தொண்ணூத்தெட்டு. வூட்டுல இந்தப் பெருங்கடலைத் தவிர வேற புத்தகம் கெடையாது."

"தெரியுங்க சார். சேலத்துக்குப் படிக்கப் போறப்ப அவங்க காப்பிய இங்கதான் குடுத்துட்டுப் போனாங்க. இந்த ஜெராக்ஸே அதுல இருந்து எடுத்ததுதாங்க."

"அப்படியா?" அவர் குரல் தழுதழுத்தது. "எங்க, குடுங்க பாக்கலாம்." கை கோப்பை நோக்கி நீண்டது.

சுமலதா அந்தக் கையில் சட்டென்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார். "உங்க கையால அனுமதி எழுதிக் குடுத்தீங்கன்னா முன் அட்டையிலயே ஒட்டிடுவேன் சார். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

வெள்ளைத் தாளைக் கண்டபிறகு மதியழகனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. குனிந்து எழுதினார்: 'இக்கோப்பிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் என் குடும்பச் சொத்து. மாணவ சமுதாயம் தடையின்றி நகலெடுத்துப் பயன்பெறுக.' கீழே, பட்டங்களோடு சேர்ந்து மூன்று வரி நீளத்துக்கு ஒரு கையெழுத்து.

அதோடு விடவில்லை. மூடிய கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கன்னத்தில் விரல் வைத்து நின்றார். மாதப்பன் அவர் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தார். ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டே, யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே, படியிறங்கிப் போனார்.

அவர் மேசையில் விட்டுப்போன கோப்பின் முன் அட்டையில் சுமலதா அந்தத் தாளை ஒட்டினார்.

"இன்னும் அஞ்சு செட்டு போட்டுரட்டுங்களா மேடம்?" என்றார் மாதப்பன்.

"இருபது போடுங்க. அதான் எழுதிக் குடுத்துட்டாரே."

வரிசையில் முதலில் நின்ற மாணவி கவிப்பிரியா கோப்பை வாங்கி ஜன்னலோரம் போய்த் திறந்தாள்.

இருபத்திரண்டு பக்கத்திலும் அச்சடித்த பத்திகளின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு. ஓரமெல்லாம் குண்டு குண்டான கையெழுத்து. முதல் பக்கத்தின் உச்சியில் இப்படி இருந்தது: 'அச்சுல இருக்கறதைப் படிச்சு நேரத்தை வீணாக்காதீங்க, அது எங்கப்பாவுக்கே புரியாது. ஓரத்துல நான் எழுதியிருக்கறதை மட்டும் படிங்க, கண்டிப்பா பாஸ். - கனிமொழி.'