சிவப்புக்கல்

பாத மருத்துவரின் கத்தி, தணிகாசலத்தின் உள்ளங்காலில் தடித்திருந்த தோலைச் சீவிக்கொண்டே வந்து எதிலோ உரசி நின்றது. அவள் அதை இடுக்கியால் இழுத்து உப்புத்தண்ணீரில் கழுவினாள். சிவப்புக்கல் மூக்குத்தி.

“இது ஏறினப்ப வலிக்கவே இல்லையா சார்?”

“சர்க்கரையில ரெண்டு காலும் மரத்துப்போச்சேம்மா. நெருப்பை மிதிச்சாலும் தெரியாது” என்றவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்மாட்டில் நின்ற அவர் மனைவி கோமளாவின் மூக்கில், துளை தூர்ந்துவிடாமலிருக்கச் செருகிய ஈர்க்குச்சி இருந்தது. இந்த மூக்குத்தியைத் திருடியதாகச் சொல்லித்தான் வீட்டுவேலை செய்த அமலியைப் போன மாதம் இருவரும் போலீசில் பிடித்துக்கொடுத்தார்கள். தெருவே பார்க்க முந்தானையை உதறி உதறிக் காட்டினாள் அவள். இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறாள்.

டாக்டர் மூக்குத்தியைப் பஞ்சில் வைத்து நீட்டினாள். “உங்க வீட்டுதா சார்?”

கோமளாவின் கை போர்வைக்கடியில் நுழைந்து, சொல்லிவிடாதீர்கள் என்று கணவரின் மற்றொரு காலைக் கிள்ளியது. அவர் திரும்பவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். நகம் இறங்கியது.

“எங்களுதுதாம்மா” என்றார் தணிகாசலம். பிறகு மெதுவாக, “அப்ப அமலி எடுக்கலையா?” என்றார்.

போர்வையில் ரத்தம் பரவுவதை டாக்டர்தான் முதலில் பார்த்தாள்.