சிங்க் விளிம்பில் ஒரு டீ பேக்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் விடுமுறைக்கு எடுத்திருந்த குடிலில், சமையலறை சிங்க் விளிம்பில் பிழிந்துபோட்ட டீ பேக் ஒன்று ஆவி பறக்கக் கிடந்தது. மாவிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"குப்பைத்தொட்டி காலடியிலதான இருக்கு, பெரில்?"

"நான் காப்பி குடிக்கிறவ, அக்கா. அத்தான்தான் இப்படிப் போடுவாரு," என்ற தங்கை உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் கணவர் டெரிக் போன குளிர்காலத்தில்தான் இறந்திருந்தார்.

மழைக்கு ஒதுங்க ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அங்கே விக்டோரியா காலத்துச் சமையலறை ஒன்றைக் கயிறு கட்டிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பாத்திரம் கழுவும் கல்தொட்டியின் விளிம்பில் ஒரு டீ பேக் கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

மாவிஸ் கயிற்றைத் தாண்டினாள்.

"மேடம், உள்ள போகக்கூடாது," என்றார் காவலர்.

அவள் அதை எடுத்தாள். விரலைச் சுட்டது.

"ஒரு வார்த்தை சொல்லாம செத்துப்போன. இங்கயும் நான்தான் அள்ளிப்போடணுமா? முப்பது வருஷமா சொல்றேன், டெரிக். குப்பைத்தொட்டியில போடு."

"மன்னிச்சிருங்க, இன்னிக்கு மழை வேற," என்று காவலரிடம் சொல்லிவிட்டு, பெரில் அவளை வெளியே இழுத்துப்போனாள்.

மறுநாள் காலை சிங்க் விளிம்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. பெரில் இன்னும் எழுந்திருக்கவில்லை. மாவிஸ் குப்பைத்தொட்டியை மிதித்துத் திறந்தாள். மேலாக ஒரு டீ பேக் கிடந்தது, ஆவியோடு.

"இப்ப மட்டும் சொன்ன பேச்சைக் கேக்குறியா," என்றாள். "யாரு உன்னைக் கேக்கச் சொன்னா?"

குனிந்து அதை எடுத்தாள். பழையபடி சிங்க் விளிம்பில் சப்பென்று வைத்தாள்.