அலசிய டம்ளர்

ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "கெணத்துத் தண்ணியத் தாராளமாக் குடிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிய பூங்கோதைக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயப்பட்டறையின் சுற்றுச்சூழல் பொறியாளராக இதையே பல ஊர்களில் சொல்லியிருக்கிறாள். ஆரம்பத்தில் உறுத்தியது, பிறகு அதுவும் மரத்துப்போயிற்று. ஜீப்பை நோக்கி நடந்தவளை அந்த ஊர்க்காரி ருக்குமணி தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். "வெயில்ல வந்திருக்கறீங்க அம்மணி, ஒருவாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க." சொம்பிலிருந்த கிணற்றுத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பூங்கோதை அதை வாங்கி, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கீழே கொட்டினாள். ருக்குமணி மறுபடி ஊற்றினாள். அதையும் கொட்டினாள். மூன்றாவதையும். பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் முன் அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். எத்தனையோ கிணற்றடிகளில் பழகிய கை அது. நான்காவது டம்ளரை விளிம்புவரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தபோதுதான், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. ருக்குமணி நனைந்த மண்ணைப் பார்த்தாள். "டம்ளர்ல தூசி கெடந்துச்சுங்களா?" "இல்லீங்க்கா." கதவோரம் நின்றிருந்த ருக்குமணியின் மகள், நிறைமாதக்காரி, உதட்டுக்குக் கொண்டுபோன தன் டம்ளரை அப்படியே நிறுத்தியிருந்தாள். "குடிங்க அம்மணி," என்றாள் ருக்குமணி. "நீங்க குடிச்சாத்தான் இவ குடிப்பா." பூங்கோதையின் இடது கை இன்னும் தோள்பைக்குள் பரிசோதனைப் பாட்டிலின் மூடியைத் துழாவிக்கொண்டிருந்தது.