முட்டு எடுக்கும் நாள்

குவிமாடத்தைத் தாங்கிய பதினைந்தாவது முட்டுக்கட்டையையும் வெளியே தூக்கிப் போட்டார்கள்.

இன்னும் ஒன்றுதான்.

அவள் வாசலில் நின்றாள். உள்ளே விடமாட்டார்களாம். வெளியே உச்சி வெயில். உள்ளே அந்தி போல இருட்டு. நட்டநடுவில், புதுக் குவிமாடத்துக்கு நேர் கீழே, அவள் கணவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

முட்டு எடுக்கும்போது கட்டியவன் அடியில் உட்கார வேண்டும். அரண்மனை வேலைக்குப் பீஜப்பூரிலிருந்து வந்தவர்களின் வழக்கம் அது. முதல் குவிமாடத்துக்கு அவர்களின் குரு காசிம் உஸ்தாத் உட்கார்ந்தார். வெற்றிலை மென்றுகொண்டே எழுந்து வந்தார்.

இது, அவரிடம் கற்றுக்கொண்டு அவன் கட்டியது.

அதுவரை அவன் கட்டியதெல்லாம் கோயில். தூண் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் கூரையாகப் பாவுகல். கல் மேல் கல் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். இங்கே ஒரு செங்கல்கூட உட்காரவில்லை. எல்லாமே விழப் பார்க்கிறது. பக்கத்துச் செங்கல் விடமாட்டேன் என்கிறது. பங்காளிகள் மாதிரி.

மூன்று நாள் முன்னால் உஸ்தாதிடம் கேட்டிருக்கிறான்.

"விமானத்துக்குக் கீழ சாமி இருக்கும். இதுக்குக் கீழ யாரு?"

"யாரும் இல்ல ஆசாரி. காத்து வரும், போகும்."

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, எங்களுக்குக் கல்யாணச் சோறா, கருமாதிச் சோறா?" சாரம் பிரித்தவர்களில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவனும்தான்.

கடைசி முட்டுக்கட்டையை அவனே தட்டிவிட வேண்டும்.

தட்டினான்.

சுண்ணாம்புத் தூசி எழுந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க!"

"ஏங்க," என்றது உள்ளே. அவள் குரல்தான். மறுபடியும். மறுபடியும். மேலே சுற்றிச் சுற்றி மெலிந்தது.

கோயில் மண்டபத்தில் பேச்சு போகும். தூண்களுக்குள் தொலைந்துவிடும். திரும்பி வந்து அவள் கேட்டதில்லை.

தூசி அடங்கியது. குவிமாடம் நின்றது.

அவன் எழுந்து வந்தான். தலை முதல் கால் வரை வெள்ளை. உஸ்தாத் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"இனிமே நீதான் உஸ்தாத்!"

"இனிமே நீதான் உஸ்தாத்," என்றான் அவன்.

என்ன அடக்கம் பாரு என்று ஆட்கள் சிரித்தார்கள்.

தெருவில் இறங்கியதும் அவன் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"அடி கிடி பட்டுச்சா?"

"அடி கிடி பட்டுச்சா?"

"விளையாடாதீங்க."

"விளையாடாதீங்க."

அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மெதுவாகச் சொன்னாள்.

"வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

வீட்டுப் பக்கம் திரும்பவில்லை அவள். கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நடை சாத்தியிருந்தது. மண்டபத்தில் ஆளில்லை. வரிசை வரிசையாகத் தூண்கள். பாதிக்கு மேல் அவன் உளி பட்டவை. ஒரு யாளியின் காலடியில் அவனைச் சாய்த்து உட்கார வைத்தாள்.

"வந்துட்டீங்களா?"

கல் அதை வாங்கிக்கொண்டது. ஓர் எழுத்துகூடத் திரும்பவில்லை.

அவன் வாயிலிருந்தும் எதிரொலி வரவில்லை.

அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். அதுவும் தூண்களுக்குள் போய்விட்டது.

அடுத்துக் கேட்பது எதிரொலியாக இல்லாமல் அவன் சொந்த மூச்சாக இருக்கட்டும் என்று, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.