விவரம் தெரியாமல் வாங்கியவர்

சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கே இப்போது சந்தேகம். அப்பாவின் வீட்டை வாங்க வந்தவரிடம், "இதுல எனக்கும் பாதி பங்கு இருக்கு. அண்ணன் என்னைக் கேக்காம விக்கிறார், வாங்காதீங்க" என்றேன். பக்கத்தில் என் மனைவி மட்டும் நின்றிருந்தாள்.

அண்ணன் மேலும் வாங்கியவர் மேலும் நான் போட்ட வழக்கில் அவள்தான் என் ஒரே சாட்சி.

"வீட்டுல வில்லங்கம் இருக்குன்னு வாங்கினவருக்கு யாராவது சொன்னாங்களா?" என்றார் வக்கீல்.

"யாரும் சொல்லலைங்க."

விவரம் தெரியாமல் வாங்கியவரை வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்பானது.

கோர்ட் வாசலில், "ஏம்மா?" என்றேன்.

"கூடப்பிறந்தவங்களை நீங்க செஞ்ச மாதிரி கோர்ட்ல விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரலைங்க."

என் அண்ணன் வெளியூரில் இருக்கிறார். அவள் அண்ணன் அந்த வீட்டில் குடியிருக்கிறார். நாங்கள் இருவரும் வாடகை வீட்டில் இருக்கிறோம்.