பக்கத்து வீட்டுப் பாட்டு

"காலையிலருந்து கார்க் கதவைக் கழட்டி வச்சிருக்கீங்க. இன்னும் ஒரு இருமல் சத்தம்கூட வரலையே லா," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள் மனைவி ஷாமினி.

கமலநாதனுக்குச் சுருக்கென்றது. போர்ட் கிள்ளான் கிடங்குகளில் பதினெட்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறவன். ஒரு மைவி காருக்குப் பாட்டு செட்டு மாட்டத் தெரியாதா அவனுக்கு? கைப்பேசியின் புளூடூத்தில் செட்டின் பெயரைத் தேடித் தொட்டான். இணைந்துவிட்டதாகச் சொன்னது. எந்தப் பாட்டு என்றுகூடப் பார்க்காமல் ஓடவிட்டு, கைப்பேசியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான்கு ஸ்பீக்கரும் ஊமையாகவே இருந்தன. வயரில்தான் கோளாறு என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தான்.

இத்தனைக்கும் காரணம் பக்கத்து வீட்டுக் குரு. கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கல்யாணம் ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமையானால் கார் கழுவுவான். கழுவும்போது சட்டை போடமாட்டான். போன வாரம் கடை ஆளை வீட்டுக்கே வரவழைத்துப் புது செட்டு மாட்டினான். துணி காயப்போட வந்த ஷாமினி, பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆளே பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்கு லா," என்றாள் உள்ளே வந்து.

எந்த ஆள் என்று கமலநாதன் கேட்கவில்லை. அன்றைக்கே இணையத்தில் அதே செட்டை, மாடல் எண்கூட மாறாமல், வாங்கினான். ஸ்பீக்கர் மட்டும் குருவுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது.

இன்றும் குரு கார் கழுவிக்கொண்டிருந்தான். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் காரின் நான்கு கதவும் விரியத் திறந்திருந்தன. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பாட்டைக் கமலநாதன் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது, ஷாமினிக்குப் பிடித்த பாட்டு. மூன்றாவது, கல்யாணமான புதிதில் அவள் கறி கிண்டிக்கொண்டே முணுமுணுத்தது. நான்காவது ஒரு பழைய பாட்டு. அதை அவளைத் தவிர வேறு யாரும் விரும்பிக் கேட்டு அவன் பார்த்ததில்லை.

ஸ்குரூ டிரைவர் பாதியில் நின்றது.

"என்ன தம்பி, எல்லாம் நல்ல பாட்டா போடுறீங்க?"

"நான் எங்கண்ணே போட்டேன்? ரேடியோ லா. இன்னிக்கு என்னமோ விளம்பரமே இல்லாமப் போடுறான்," என்று சிரித்த குரு, ஈரக் கையாலேயே சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

ரேடியோவாம். ஒருத்தியின் மனசுக்குள் இருக்கும் பாட்டையெல்லாம் வரிசையாக எடுத்துப் போடும் ரேடியோ.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து ஷாமினியின் குரல் வந்தது. குரலிலேயே சிரிப்பு தெரிந்தது. "இப்பத்தான் காது குளிருது. எனக்காகத்தான் போட்டதுன்னு தெரியுது. நிறுத்த வேணாம்."

யாரிடம் சொல்கிறாள்? குரு ஒன்றும் காதில் விழாதவன்போல டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கமலநாதனுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். தனியாக இருக்கிற பையன், பாவம் என்றாள். சாயங்காலம் துணி காயப்போட்டவள், இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் காயப்போடுகிறாள்.

ஐந்தாவது பாட்டு அவர்கள் கல்யாண மண்டபத்தில் ஒலித்தது. ஷாமினியே கேட்டுப் போடச் சொன்னது.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. கையில் ஸ்குரூ டிரைவரோடு வாசலைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தான்.

"இந்தப் பாட்டெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

குரு நிமிர்ந்தான். அவன் வாய் திறப்பதற்குள் பாட்டு அறுந்தது. காருக்குள் மணி அடித்தது. திரையில் பெயர் பெரிதாக எரிந்தது: ஷாமினி.

கமலநாதனின் தொடை கிடுகிடுவென்று நடுங்கியது.

"அண்ணே, அக்கா பேரு ஏன் இதுல வருதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எடு."

"அண்ணே..."

"எடுடா."

குரு ஈர விரலால் பச்சைப் பொத்தானைத் தொட்டான். நான்கு கதவிலிருந்தும் ஷாமினியின் குரல், ஆளே பக்கத்தில் நிற்பதுபோல் வந்தது.

"ஏங்க."

கமலநாதன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வருடத்தில் அவள் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கடைக்காரரா, அண்ணே. குருவா, தம்பி. 'ஏங்க' என்பது அவன் ஒருவனுக்கே அவள் வைத்த பெயர் என்று நம்பியிருந்தான்.

"ஏங்க, எத்தனை தடவை கூப்பிடுறது? உங்க செட்டுச் சத்தத்துல ஒண்ணும் விழலைன்னுதான் போன் அடிச்சேன். காலையில உங்க போன்ல நான் ஏத்தி வச்ச பாட்டு அத்தனையும் ஓடுதே, பக்கத்து வீட்டு செட்டெல்லாம் கிட்டவே நிக்க முடியாது போங்க. சாப்பிட வாங்க."

கமலநாதன் மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். சற்றுமுன் நடுங்கிய தொடையை ஒட்டிக் கிடந்த அவன் கைப்பேசி, ஷாமினியோடு பேச ஆரம்பித்து இருபத்திரண்டு வினாடி ஆகிவிட்டதாகக் காட்டிக்கொண்டிருந்தது.