வராத வாழ்த்து அட்டைகள்

மனைவியின் மணிக்கட்டைத் தொகுஜி விடவே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து கோயில் வாயில்வரை, தோளோடு தோள் உரசும் அந்தப் புத்தாண்டுக் கூட்டத்தில், சிறு குழந்தையைப் பிடிப்பவர்போல் பிடித்தே வந்தார்.

"இந்த வயசுலயும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாரே! குடுத்து வெச்ச மகராசிம்மா நீ!" என்றாள், மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தைச் சுட்டுக்கொண்டிருந்த கடைக்காரி.

"விட்டா தொலைஞ்சு போயிடுவா. அப்புறம் இவளத் தேட என்னை விட்டா ஆள் ஏது?" என்று சிரித்தார் தொகுஜி.

சயோகோவும் சிரித்துவைத்தாள். அவர் கூறியது உண்மை என்பது முந்தாநாள், புத்தாண்டுக் காலையிலேயே, உறுதியாகிவிட்டது. ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக வாழ்த்து அட்டைகள் விழும் பெட்டியில் இவ்வாண்டு ஒன்றுகூட இல்லை. உரக்க வாழ்த்துக் கூறிச் செல்லும் தபால்காரர்கூட, வாசலில் காத்துநின்றவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார். பிறகு வாய் திறவாமல் போய்விட்டார்.

"பாத்தியா? உன்னை நெனைக்கிற நாதியே இல்ல," என்றார் தொகுஜி, சூப்பை உறிஞ்சியபடி.

மற்றவர்கள் மறக்கட்டும்; ரித்சுகோவுமா மறப்பாள்? கல்லூரி நாள்களில் ஆண்டுதோறும் சயோகோவுடன் இதே கோயிலுக்கு வந்த தோழி அவள். மூன்றாண்டுகளுக்கு முன், சயோகோவின் கன்னத்தில் கன்றியிருந்த நீலத்தைக் கண்டு, தன் வீட்டுச் சாவி ஒன்றை அவள் கையில் திணித்தவள்.

"எப்ப வேணா வா. கதவக்கூடத் தட்டாத, தொறந்துட்டு வா."

அதன்பின் சயோகோவின் கைபேசியைத் தொகுஜி பறித்துக்கொண்டார். அட்டைகளுக்கு முகவரி எழுதி அஞ்சலில் சேர்ப்பதும் அவரே. ஆயினும் ஆண்டுக்கொருமுறை ரித்சுகோவின் அட்டை தவறாமல் வந்தது. அதன் மூலையில் எப்போதும் ஒரே வரி: 'பத்திரமா வெச்சிருக்கியா?'

இவ்வாண்டு அவ்வரியைக் கண்டதும் புறப்பட்டுவிடுவது என்று சயோகோ துணிந்திருந்தாள். அட்டை வரவில்லை.

"ஒரே ஒரு தடவ அந்தக் கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம். அப்புறம் எங்கயும் போகணும்னு கேக்க மாட்டேன்," என்றாள். தொகுஜி மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

சந்நிதியின் முன் போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக் கூட்டத்தைப் பகுதி பகுதியாக விட்டுக்கொண்டிருந்தனர். கயிறு இறங்கியது, கூட்டம் உந்தியது, பிடி நழுவியது. சயோகோ முன்னால் தள்ளப்பட, மீண்டும் உயர்ந்த கயிற்றுக்கு அப்பால் தொகுஜி சிக்கிக்கொண்டார்.

"சயோகோ! அங்கயே நில்லு! அசையாத!"

அவள் அசையாமல்தான் நின்றாள், காணிக்கைப் பெட்டியின் முன். நாணயங்கள் மழையாய் விழுந்த அப்பெட்டியினுள் சாவியைப் போட்டாள். மரச்சட்டத்தில் ஒருமுறை மோதிவிட்டு அது இருளுக்குள் விழுந்தது. எஞ்சிய காலத்தை அவரோடே கழிக்கும் பொறுமையைத் தருமாறு வேண்டிக் கைகூப்பினாள்.

அருகில் யாரோ ஊதுவத்திக் கட்டைத் தவறவிட்டார்கள். சயோகோ திரும்பினாள்.

முகம் வெளுத்து, ஜபமாலை சுற்றிய கையோடு ரித்சுகோ நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு அட்டை போடக்கூட உனக்கு மனசு வரலயாடி?" சயோகோவின் குரல் உடைந்தது.

ரித்சுகோ அவள் கன்னத்தைத் தொட்டாள்; நம்பாமல் மீண்டும் தொட்டாள்.

"துக்கம் நடந்த வீட்டுக்கு எப்படிடி வாழ்த்து அட்டை போடுவேன்? இந்த ஊதுவத்தியே உனக்காக வாங்கினதுடி..."

"எனக்கா?"

"நீ செத்துட்டேன்னு நவம்பர்லயே உன் வீட்டுக்காரர் எல்லாருக்கும் எழுதிட்டாரேடி!"